மூட்டைக்கு மூன்று குத்து

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குகிறவர்கள் எங்கள் கடைத்தெருவில் கிடையாது, நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் தாம்பரத்தில் ஒரு படம் பார்த்தேன். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்திருந்தார்கள். பெயர் 'ஒற்றன் ஒன்பதரை'. போஸ்டரில் கோட்டு போட்ட ஒரு ஆள் படகிலிருந்து ஹெலிகாப்டருக்குத் தாவிக்கொண்டிருந்தான். உளவும் சிரிப்பும் ஒரே டிக்கெட்டில் என்று நம்பி உள்ளே போனேன். உளவும் இல்லை, சிரிப்பும் இல்லை. இருந்தது வயிற்றுப்போக்கு.

ஒற்றன் ஒரு ரகசியச் சுருளை விழுங்கிவிடுகிறான். எதிரிகளுக்கு அந்தச் சுருள் வேண்டும். மீதிப் படம் முழுக்க அது வெளியே வருவதற்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஒற்றன் காத்திருக்கிறான், எதிரி காத்திருக்கிறான், எதிரியின் நாய் காத்திருக்கிறது, நாமும் காத்திருக்கிறோம். அவ்வளவுதான் படம்.

அசிங்கத்தோடு எனக்கு விரோதம் எதுவும் இல்லை. கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு அந்த விரோதம் கட்டுப்படியாகாது. எங்கள் ஜவுளிக்கடைக்கு இந்தப் பக்கம் கருவாடு, அந்தப் பக்கம் கோழி. பேரம் பேசும்போது என் மாமாக்கள் உதிர்த்த வசனங்களை அச்சில் ஏற்றினால் அச்சு இயந்திரமே கூச்சப்படும். ஆனால் அவர்கள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் அதற்கு ஒரு வேலை இருக்கும். எழுந்து போகிற ஆளைச் சிரிக்கவைத்து மறுபடி உட்காரவைக்கும். இந்தப் படத்தில் இருந்தது வேலைவெட்டி இல்லாத அசிங்கம். எடையில் குறைத்து, ஈரத்தில் நனைத்து, மேலே நல்லதைத் தூவி விற்ற சரக்கு.

என் ஏமாற்றத்தை அப்படியே உங்களிடம் கொட்டினால் அதற்குப் பேர் புலம்பல். அதையே இன்னொருத்தர் தலையில் கட்டினால் கதை. எனக்குப் போனது ஒரு மத்தியானம். அதைவிடப் பெரிதாக எதையாவது பறிகொடுக்கக்கூடிய ஒரு ஆளை அதே நாற்காலியில் உட்காரவைத்தால் என்ன? அப்படித் தேடும்போது அகப்பட்டவர்தான் அரிசி மண்டி லோகநாதன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மழை ஓய்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் — (வேண்டாம். மேம்பாலத்தில் யாரும் இல்லை. எல்லோரும் தண்டவாளத்தைத்தான் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.)

லோகநாதனுக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை — (பொய். அன்று காலை அவர் மனசு ஜோராக இருந்தது. வினையே அதுதான்.)

லோகநாதன் தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் ஒரே ஒரு குத்தோடு நிறுத்தினார். (இது இருக்கட்டும்.)

குத்து என்றால் அடிதடி இல்லை. அரிசி மண்டியில் குத்தூசி என்று ஒன்று இருக்கும். ஒரு பக்கம் திறந்த, கூர்முனை வைத்த சின்னக் குழாய். மூட்டையைப் பிரிக்காமலே சாக்குக்குள் இறங்கி, ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு வெளியே வரும். அதை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, விரலால் கலைத்து, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். லோகநாதனுடைய சட்டம் மூட்டைக்கு மூன்று குத்து. வாயில் ஒன்று, வயிற்றில் ஒன்று, அடியில் ஒன்று. மேலே பொன்னியும் நடுவில் நொய்யுமாக மூட்டை கட்டுகிற கைகாரர்களை அவர் பார்த்திருக்கிறார். சொந்த மைத்துனன் அனுப்பிய மூட்டைக்கும் மூன்று குத்துதான். மைத்துனன் கோபித்துக்கொண்டான். இவர் நாலாவதாக ஒன்று குத்தினார்.

அடுத்தவர் வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கு எடுக்கமாட்டார். இது முக்கியம். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

முதல் பிரதியில் லோகநாதனின் மகள் ஞானஜோதி தலைகுனிந்து காபித் தட்டோடு வந்தாள். இரண்டு பக்கத்துக்குமேல் எழுத முடியவில்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. தாம்பரத்தில் அப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. பக்கங்களைக் கிழித்துப்போட்டதும் வேறொருத்தி வந்து நின்றாள். பி.காம். முடித்து, குரோம்பேட்டையில் ஒரு லாரி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். ரயிலில் லேடீஸ் பெட்டி நிரம்பியிருந்தால் ஆண்கள் பெட்டியில் ஏறி, முழங்கையால் இடம் பிடிக்கிறவள்.

"மூணு தடவை பஜ்ஜி போட்டாச்சு நைனா," என்றாள். "மூணு தடவையும் வந்தவங்க பஜ்ஜியைத்தான் பார்த்தாங்க."

"அதுக்கு இன்னா பண்ணணும்ன்ற?" என்றார் லோகநாதன்.

"நான் உட்கார்ந்த மாதிரி இப்ப வர்ற மாப்பிள்ளையும் எங்கயாவது வந்து உட்காரட்டும். நானும் பார்க்கறேன்."

"கோயில்ல பார்க்கலாமே," என்றார் அம்மா அஞ்சம்மாள்.

"கோயில்ல எல்லாரும் நல்லவங்களாத்தாம்மா தெரிவாங்க. சினிமாவுக்குப் போலாம். எதுக்குச் சிரிக்கறார்னு பார்க்கணும். அதுவும் சரியில்லன்னா கொஞ்ச வருஷத்துக்கு இந்தப் பேச்சை எடுக்காதீங்க."

மகள் சொன்னால் சொன்னதுதான் என்று லோகநாதனுக்குத் தெரியும். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்றும் தெரியும். ஆகையால் வாதாடவில்லை.

இந்தத் தடவை வந்திருந்தது நல்ல இடம். கேளம்பாக்கத்தில் உப்பு வியாபாரம் செய்கிற அங்காளம்மாளின் ஒரே மகன் தேவானந்தம். புருஷன் போனபிறகு அந்த அம்மாள் தனியாளாக உப்பளக்காரர்களோடு மல்லுக்கட்டி வியாபாரத்தை நிமிர்த்தியவர். உப்புக் குவியல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு விலை சொல்லிவிடுவார் என்று பேர். மகனுக்கு இருபத்தேழு வயசு, தாயோடு கடையில் நிற்கிறான், கெட்ட பழக்கம் கிடையாது. லோகநாதனுக்கு இந்தச் சம்பந்தத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறிவிடும் என்கிற பயத்தில் ஒரு வாரமாக வீட்டிலேயே முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டிருந்தார்.

* சினிமாவில் பெண் பார்ப்பது பற்றி ஒரு குறிப்பு. இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திக்க வேண்டும். தேதி, ஆட்டம், நாற்காலி வரிசை வரைக்கும் பேசி முடித்துவிட்டு, வாசலில் பார்த்ததும் ஆச்சரியப்பட வேண்டும். சரிப்பட்டு வராவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. யாரும் பார்க்கவே வராத பெண்ணை யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்? நல்ல ஏற்பாடு. 'ஒற்றன் ஒன்பதரை' எடுத்தவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து இந்த ஏற்பாட்டைப் பார்த்திருந்தால் உளவு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு போயிருப்பார்கள்.

4

படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெண் வீட்டுக்கு. லோகநாதன் வெள்ளிக்கிழமை மத்தியானம் தியேட்டருக்குப் போனார். அங்கே தின்பண்டக் கடையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஜாபர் அவருடைய மண்டியில் அரிசி வாங்குகிறவர்.

"ஜாபர், படம் எப்படி?"

"நான் எங்கண்ணே பார்த்தேன். எனக்கு இன்டர்வல்தான் படம். அதுக்கு முன்னாடி எண்ணெய் காயுது, அதுக்கப்புறம் தட்டு கழுவறேன்."

"ஃபேமிலியோட வரலாமா?"

"வந்துகினுதான் கீறாங்க."

"சரி, உள்ள வுடு. கொஞ்சம் பார்த்துட்டு வந்துடறேன்."

"பார்க்கறதுதான் பார்க்கற, முழுசா பாரேண்ணே."

"முழு மூட்டையும் கொட்டிப் பார்த்துட்டா வாங்குவாங்க?" என்றார் லோகநாதன்.

பின்கதவுத் திரையை விலக்கிக்கொண்டு இருட்டில் நின்றார். திரையில் பெரிய ஏரி, நீலமாகத் தண்ணீர். கோட்டு போட்ட ஆள் படகில் சீறிக்கொண்டு போகிறான். தண்ணீரில் விழுந்த பூனைக்குட்டியை ஒரு கையால் தூக்கி, கரையில் அழுதுகொண்டிருக்கிற ஒரு கிழவியிடம் கொடுக்கிறான். கிழவி அவன் நெற்றியில் முத்தம் கொடுக்கிறாள். பின்னால் பனி மூடிய மலை. லோகநாதன் மனசுக்குள் உள்ளங்கையை விரித்து, ஊதி, விரலால் கலைத்துப் பார்த்தார். கல் இல்லை. தவிடு இல்லை. பழுப்பு இல்லை.

இன்னும் இரண்டு குத்து பாக்கி என்று அவருக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் டார்ச்சு விளக்குக்காரன் கதவுத் திரைக்குப் பின்னால் ஏதோ அசைகிறதே என்று அவர் முகத்தில் வெளிச்சம் அடித்தான். கடைத்தெருவில் நாலு பேர் வணக்கம் சொல்லுகிற மனிதர், இருட்டில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வெளிச்சத்தில் யோசித்தால் நன்றாக இல்லை. வெளியே வந்துவிட்டார்.

"மீதியும் இப்படித்தானே?" என்று ஜாபரிடம் கேட்டார்.

"ஒரே மூட்டைதானண்ணே," என்றார் ஜாபர்.

மைத்துனன் மூட்டையை நம்பாத மனிதர், அரை மூட்டைகூடப் பார்க்காத ஜாபரின் சொல்லை நம்பினார். (இந்த இடத்தில் வாசகர் ஒருவர் 'இவ்வளவு கெட்டிக்காரர் இப்படிச் செய்வாரா?' என்று கேட்கக்கூடும். செய்வார். தனக்குத் தெரிந்த தொழிலின் கருவியை எடுத்துக்கொண்டு தெரியாத சரக்குக்குள் இறங்குகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். நானும்தான், போஸ்டரை ஒரு குத்து குத்திவிட்டு உள்ளே போனவன்.)

5

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. தியேட்டர் வாசல்.

"அடடே," என்றார் லோகநாதன். காலையிலிருந்து ஒத்திகை பார்த்துவைத்திருந்த அடடே. "நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மாதான்," என்றார் அங்காளம்மாள். கஞ்சி மடிப்புக் கலையாத சேலை. "பையனுக்குச் சட்டை எடுக்கலாம்னு வந்தோம். வெயிலா கீதேன்னு இப்படி ஒதுங்கினோம்."

வானம் மூடிக்கொண்டு தூறலுக்குத் தயாராக இருந்தது. யாரும் மேலே பார்க்கவில்லை. தேவானந்தம் புதுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சட்டை எடுக்க வந்தவனாக நின்றான்.

லோகநாதனின் கணக்குப்படி அடுத்த வசனம் அவருடையது. ஆனால் அஞ்சம்மாள் முந்திக்கொண்டார். அவருக்கும் நடிப்பில் ஆர்வம் உண்டு.

"நாங்களும் சும்மாதான். இவருக்கு இந்த மாதிரிப் படம்னா உசுரு. போட்ட வாரமே வந்துடுவாரு."

அங்காளம்மாள் லோகநாதனை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். "நல்ல பழக்கம்தான்," என்றார்.

உட்கார்ந்த வரிசை இது: ஞானஜோதி, லோகநாதன், அஞ்சம்மாள், அங்காளம்மாள், கடைசியில் தேவானந்தம். பெண்ணுக்கும் பையனுக்கும் நடுவில் மூன்று பெரியவர்கள். பார்க்க வேண்டும் என்றால் எட்டித்தான் பார்க்க வேண்டும்.

6

படம் தொடங்கியது. ஒற்றன் சுருளை விழுங்கினான். அதுவரைக்கும் பாதகமில்லை. அப்புறம் சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர நான் நேர்மையாக முயன்றேன். டிராக்டர், நாதஸ்வரத்தின் கடைசி மூச்சு, தண்ணீர் வராத குழாய் என்று பல உவமைகளை வைத்துப் பார்த்து எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். தமிழில் பேசவைத்தவர்கள் மூலப்படத்தில் இருந்த சத்தம் போதாது என்று தங்கள் கையிலிருந்தும் கொஞ்சம் சேர்த்திருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

லோகநாதன் இருமினார். சத்தத்தை மறைப்பதற்குத்தான். இருமல் முடிந்தபிறகும் சத்தம் முடியவில்லை.

"என்னங்க, மிளகு மிட்டாய் வேணுமா?" என்றார் அஞ்சம்மாள்.

"வேணாம்."

கொஞ்ச நேரத்தில் அவருக்குப் படத்தின் போக்கு பிடிபட்டுவிட்டது. ஒற்றன் வயிற்றைப் பிடித்தால் அடுத்தது சத்தம். ஆகையால் வயிற்றைப் பிடித்ததுமே இருமத் தொடங்கினார். அங்கேதான் படம் எடுத்தவன் அவரை ஜெயித்தான். அடுத்த தடவை ஒற்றன் வயிற்றைப் பிடித்தான், லோகநாதன் கூரை அதிர இருமினார், திரையில் சத்தமே வரவில்லை. தியேட்டர் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் இருமலை நிறுத்திய பிறகு நிதானமாக வந்தது.

அப்போது எதிரியின் ஆட்கள் விளக்கெண்ணெய் டின்னோடு ஓடிவந்து, ஒற்றனை ஒரு வாளியின்மேல் — (இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். இதைப் படிக்கிறவர் ஒருவேளை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.)

முன்வரிசை பெஞ்சுகள் கூச்சல் போட்டுச் சிரித்தன. லோகநாதன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அங்காளம்மாளின் முகத்தைப் பார்த்தார். வெளிச்சம் வந்து வந்து போனது. அந்த முகம் ஒவ்வொரு வெளிச்சத்திலும் தைத்த சாக்கு மாதிரி ஒரே நிலையில் இருந்தது. நீல ஏரி எங்கே, பூனைக்குட்டி எங்கே என்று அவர் உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பினால் மகள் நாற்காலியின் நுனிக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் இவளுக்குப் பிடித்துவிட்டதோ என்று அவருக்கு இன்னொரு பயம் பிடித்தது.

மகள் பார்த்தது படத்தை இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரியாது.

7

இன்டர்வல். பெண்ணும் பையனும் ஜாபர் கடைப் பக்கமாக 'தற்செயலாக' நகர்ந்தார்கள். கலர் சோடா வாங்கித் தருகிறேன் என்று அஞ்சம்மாளும் போய், அவர்களுக்கு எட்டடி தள்ளிக் காவல் நின்றார். லோகநாதனும் அங்காளம்மாளும் தூண் ஓரத்தில்.

"படம் நீங்க பார்த்து எடுத்ததா?" என்றார் அங்காளம்மாள்.

இந்தக் கேள்விக்காக நான் லோகநாதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 'ஆமாம்' என்றால் தற்செயல் போச்சு, பெண் பார்க்க ஏற்பாடு செய்தவர் என்று ஆகிறது, அதுவும் இந்தப் படத்தைத் தேடிப்பிடித்து. 'இல்லை' என்றால் தானாகவே இந்தப் படத்துக்கு, பெற்ற மகளைக் கூட்டிக்கொண்டு, போட்ட வாரமே ஓடிவருகிற ஆசாமி. பேரத்தில் இப்படி இரண்டு பக்கமும் சுவர் வருகிற இடத்தில் என் பெரிய மாமா மூக்கைச் சிந்துவார். லோகநாதனுக்கு இருமல்தான் இருந்தது. அதையும் அவர் முதல் பாதியிலேயே செலவழித்துவிட்டார்.

"ஒரு குத்துதான் பார்த்தேன்," என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுல பூனைக்குட்டி இருந்துச்சு."

அங்காளம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. லோகநாதன் திரைச்சீலையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். டார்ச்சு வெளிச்சத்தையும் மறைக்கவில்லை. அங்காளம்மாள் முழுசாகக் கேட்டார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"இருமினியே, அதுக்கு நான் சிரிச்சிருக்கணும்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. "எம்மாம் கஷ்டப்பட்டு அடக்கினேன் தெரியுமா? நானும்தான் இன்னா சொல்லிக்கினு வந்தேன்? வெயிலுன்னு. கேளம்பாக்கத்துல ஏறி, வண்டலூர் சுத்திக்கினு, இந்தக் கண்றாவிக்கு நானா ஆசைப்பட்டு வந்த மாதிரி ஆயிடுச்சே."

லோகநாதனுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் நிலைப்பதற்குள் ஜாபர் கடைப் பக்கம் பார்த்தார். தேவானந்தம் ஞானஜோதியின் கையிலிருந்த சமோசாவைப் பிடுங்கினான்.

பிடுங்கித்தான் விட்டான். கடிக்க வாய்ப்பக்கம் கொண்டுபோன சமோசாவை. அதை எடுத்துக்கொண்டு ஜாபரிடம் திரும்பி ஏதோ சொன்னான். ஜாபர் சமோசாவை முகர்ந்து பார்த்தார். ஞானஜோதியின் முகம் தூணுக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தது.

என்ன பேசிக்கொண்டார்கள்? நினைத்தால் நான் பக்கத்தில் போய் நின்று கேட்டுவிடலாம், இந்தக் கதையில் எனக்கு டிக்கெட் தேவையில்லை. ஆனால் லோகநாதனை இந்த நிலைமையில் தூணோரம் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. மணி அடித்துவிட்டது.

8

இரண்டாம் பாதியில் ஏரி வந்தது.

நீலத் தண்ணீர், படகு, பூனைக்குட்டி, கிழவி. லோகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், தானே காமிரா பிடித்த மாதிரி. "இதான்," என்று அஞ்சம்மாளைத் தாண்டி அங்காளம்மாளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். கிழவி ஒற்றனின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவர் வெள்ளிக்கிழமை வெளியே போனது சரியாக அந்த இடத்தில்தான்.

ஒற்றன் பூனைக்குட்டியைக் கிழவியிடமிருந்து திரும்ப வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

(அதற்குமேல் பூனைக்குட்டிக்கு நடந்ததை நான் எழுதமாட்டேன். பூனைக்குட்டி உயிரோடு இருக்கிறது. குளித்தது.)

இந்த முறை அங்காளம்மாள் சிரித்துவிட்டார். படத்துக்கு இல்லை. லோகநாதன் கையை நெற்றியில் வைத்துக்கொண்ட விதத்துக்கு. அஞ்சம்மாள் சிரித்தார். என்ன சிரிப்பு என்று தெரியாமலே ஞானஜோதியும் சிரித்தாள். படம் எடுத்தவன் எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறான். அவன் படத்தைப் போட்ட கொட்டகையில் கிடைத்த நல்ல சிரிப்பு இது ஒன்றுதான். அதை அரிசி மண்டிக்காரர் கைக்காசு போட்டுச் செய்தார்.

9

படம் விட்டு வெளியே வந்தபோது நிஜமாகவே தூறிக்கொண்டிருந்தது. ஜி.எஸ்.டி. ரோடு பஸ் நிறுத்தத்தில் கேளம்பாக்கம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. லோகநாதன் மகளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனார்.

"இன்னாம்மா? சொல்லிடலாமா?"

"என்னன்னு?"

"சரின்னு. அந்த அம்மாவுக்கு உன்னைப் புடிச்சிருக்கு. மூஞ்சே சொல்லுது."

"சமோசாவைப் பிடுங்கினாரே, அதைக் கேக்கலையா?"

"அதான் கேக்கணும்னு இருந்தேன்."

"அது நேத்து சமோசா நைனா. அவர் ஒண்ணு கடிச்சுட்டார், என்னைச் சாப்பிடவேணாம்னு வாங்கிட்டார். ஜாபர் அண்ணன்கிட்ட சத்தம் போடலை, சண்டை போடலை. 'இதை வேற யாருக்கும் குடுக்காதீங்க, குழந்தைங்கல்லாம் வந்திருக்கு'ன்னார். ஜாபர் அண்ணன் தட்டோட எடுத்து உள்ள வெச்சுட்டார்."

"பின்ன இன்னா? தங்கமான பையன்."

"அது நடுக்குத்து," என்றாள் ஞானஜோதி. "முதல் குத்து உள்ள நடந்துச்சு. நான் எட்டி எட்டிப் பார்த்தேன். படத்துல எது வந்தாலும் அவர் முதல்ல அவங்க அம்மா மூஞ்சைப் பார்க்கறார். அவங்க சிரிக்கலைன்னா இவரும் சிரிப்பை முழுங்கிடறார். கடைசில அவங்க சிரிச்சாங்க பாருங்க, அப்பதான் இவரும் சிரிச்சார். எதுக்குச் சிரிக்கறோம்னு அவருக்குத் தெரியலை."

"பெரியவங்க மேல மரியாதை."

"இருக்கலாம். மேல சுமார், நடுவுல நல்லாருக்கு. அடியில எப்படின்னு தெரியலையே நைனா. உங்க சட்டம்தானே? இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன். அவங்க அம்மா இல்லாம."

ஒரு குத்தோடு நிறுத்தியதன் பலனை அந்த மத்தியானம் முழுக்க அனுபவித்து, இருமி, மூன்று மணிநேரம் வேர்த்து வந்திருக்கிற மனிதர், மகளிடம் ஒரு குத்து குறைத்துக்கொள் என்று எந்த வாயால் சொல்வார்? பஸ்ஸை நோக்கி நடந்தார்.

அங்காளம்மாள் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். பக்கத்தில் தேவானந்தம், கையில் குடை. பின்படியில் கண்டக்டர் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு எல்லோரையும் பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

லோகநாதன் சொன்னார். தற்செயலை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு நேராகவே சொன்னார். பொண்ணு இன்னொரு தடவை பையனோடு தனியாகப் பேசவேண்டும் என்கிறாள், நாலு பேர் நடமாடுகிற இடத்தில்தான், வண்டலூர் மிருகக்காட்சிசாலையில்கூட இருக்கலாம்.

"இன்னொரு தடவையா?" என்றார் அங்காளம்மாள். "எங்க தொழில்ல ஒரு கல்லு போதும். நாக்குல வெச்சாத் தெரிஞ்சுடும், மொத்தக் குவியலும் அதேதான். உன் பொண்ணு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, புடிச்சுபோச்சு. ஊர்ல ரெண்டாந்தரம் பார்க்கப் போனாங்கன்னா பையன்ல ஏதோ குறைன்னுதான் பேசுவாங்க. சரின்னா இப்பவே சரின்னு சொல்லு. இல்லன்னா வுட்டுடு."

"அரிசிக்கு மூணு குத்தும்மா."

"என் புள்ள இன்னா அரிசியா?"

இந்த இடத்தில்தான் என் பேனா நின்றது. மனுஷன் உப்பா, அரிசியா? ஒரு கல்லை நாக்கில் வைத்தால் தெரிந்துவிடுகிற ஜாதியா, மேலும் நடுவும் அடியும் வேறுவேறாக இருக்கிற ஜாதியா? கதையில் இதற்குப் பதில் சொல்லிவிட்டால் எங்கள் கடைத்தெருவில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். எந்தப் பாதி என்பது பதிலைப் பொறுத்தது.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அங்காளம்மாள் இறங்கிவந்து ஞானஜோதியின் கன்னத்தை வழித்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மேலே தூவிய பொன்னி மாதிரி இருந்தது. இன்னொன்றில் பஸ் போய்விட்டது. லோகநாதன் நனைந்துகொண்டே நின்றார். வேண்டாம், அவர் ஏற்கெனவே போதுமான அளவு பட்டுவிட்டார். மூன்றாவது ஒன்றில் ஜாபர் சமோசாத் தட்டோடு ஓடிவந்தார். எதற்கு ஓடிவந்தார் என்று எனக்கே தெரியவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன்.

நடந்தது வரைக்கும் சொல்கிறேன்.

ஞானஜோதி குடையை விட்டு வெளியே வந்தாள். அங்காளம்மாளையும் லோகநாதனையும் தாண்டி, நேரே தேவானந்தத்திடம் கேட்டாள்: "வண்டலூருக்கு வர்றீங்களா? நீங்க சொல்லுங்க."

தூறல் பஸ்ஸின் தகரத்தில் சடசடத்தது. இருமாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார் லோகநாதன். இரண்டு வியாபாரிகளும், அஞ்சம்மாளும், ஜன்னலோரத்துப் பயணிகளும், விசிலை மறந்த கண்டக்டரும் தேவானந்தத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானஜோதி மட்டும் வாயைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு முன்னால் அந்தக் கண் எந்தப் பக்கம் போகிறது என்று.

தேவானந்தம் நிமிர்ந்தான்.

மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, உங்கள் உள்ளங்கையில் ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது. இது அடிக்குத்து. குத்தூசியை இந்தாருங்கள், பிடியுங்கள். நான் சொல்லி நீங்கள் சரக்கு எடுக்க வேண்டாம்.